வெயில் சுட்ட தோலும் லேசர் ஒளியும்

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் பொறியாளன் நான். திருச்சுழிக்கு வரும்போதெல்லாம், "முகத்துல லேசர் அடிச்சா சுருக்கமெல்லாம் போயிடுமாமே, நிஜமாப்பா?" என்று கேட்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. அந்தக் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர் வெயில். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெயில் மட்டும் வஞ்சனை இல்லாமல் அடிக்கும். அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலுக்குள் போய், தோலை இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கின்றன. காட்டு வேலைக்குப் போகிற நம் தாய்மார்களின் முகத்தில் நாற்பது வயதிலேயே சுருக்கமும் மங்கும் தெரிவது இதனால்தான். நம் கருநிறம் ஓரளவு காப்பாற்றும், முழுக்கக் காப்பாற்றாது.

தோலைப் புதுப்பிக்கும் முக்கியக் கருவி கரியமில வாயு லேசர். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் 1958-ல் பட்டம் பெற்ற குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-ல் இதைக் கண்டுபிடித்தார். நம்மைப் போல ஒரு இந்தியக் கல்லூரியில் படித்துவிட்டுப் போனவர் என்பதை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் ஒளி அலைநீளம் 10.6 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். தண்ணீர் இதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தோலில் பெரும்பங்கு தண்ணீர்தானே? கதிர் பட்ட இடம் ஆவியாகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் ஒவ்வொரு துடிப்பும் முடிந்துவிட்டால், சூடு பக்கத்துக்கு அதிகம் பரவாது. விளக்குச் சுடரில் விரலை வேகமாக ஓட்டினால் சுடாது, நிறுத்தினால் சுடும் அல்லவா, அதே கணக்குத்தான். காயம் ஆறும்போது உடம்பு புதுக் கொலாஜனை நெய்துகொள்கிறது.

1990-களில் முகம் முழுவதும் மேல்தோலை எடுத்தார்கள். ஆறப் பல நாள் ஆனது; சிவப்பு மாதக்கணக்கில் நின்றது. 2004-ல் வேறு வழி வந்தது. முழுத் தோலையும் தொடாமல், மயிரிழை போன்ற நுண்புள்ளிகளில் மட்டும் கதிரைச் செலுத்தி, இடையிலே நல்ல தோலை விட்டுவிடுவது. அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு எளிதாகப் புரியும்: நைந்த சேலையைக் கிழித்துப் போடாமல் இழை ஓட்டுவது மாதிரி. சுற்றியுள்ள நல்ல தோல் காயத்தைச் சீக்கிரம் ஆற்றிவிடும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. நம் தோலில் மெலனின் அதிகம். சூடு கொஞ்சம் கூடினாலும், ஆறும் நேரத்தில் வெயில் பட்டாலும், அந்த இடம் கருத்துப்போய் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கரும்புள்ளி போக வேண்டும் என்று போனவர் பெரிய கருந்திட்டோடு திரும்பலாம். ஆகவே சிகிச்சைக்குப் போகிறவர்கள் சில கேள்விகளைக் கேளுங்கள். கருவியைப் பிடிப்பவர் தோல் டாக்டரா, அழகு நிலையத்து ஆளா? முதலில் சிறிய இடத்தில் செய்து பார்ப்பார்களா? கண்ணுக்கு மறைப்பும், எழும் புகையை இழுக்கும் சாதனமும் இருக்கின்றனவா? தழும்பு புடைத்து வளரும் உடம்பு என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சுருக்கத்துக்குப் பயந்தவர்களுக்கு முதல் மருந்து குடையும், தலையில் முக்காடும், வெயில் காப்புக் களிம்பும்தான்.

சரி, நம் மாவட்டத்தில் இந்தக் கருவி உண்மையிலேயே யாருக்குத் தேவை? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். இறந்தவர்களை எண்ணுகிறோம், வெந்து பிழைத்தவர்களை யார் எண்ணுகிறோம்? தடித்த தழும்பு இறுகி விரல் மடங்காது, கழுத்து திரும்பாது. அரிப்பு தூங்க விடாது. ஆழமாக வெந்த இடத்தில் வியர்வைச் சுரப்பியும் அழிந்துவிடுவதால், நம்ம வெயிலில் அவர்கள் படும் பாடு சொல்லி முடியாது.

அதே கரியமில வாயு லேசரின் நுண்புள்ளி முறை இந்தத் தழும்புகளைத் தளர்த்துகிறது. இறுக்கமும் அரிப்பும் குறைகின்றன. இதை நிபுணர் குழு ஒன்று 2014-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கும் பயிற்சி மருத்துவத்துக்கும் இது மாற்று அல்ல; துணை. ஒரு தடவையில் முடியாது, சில வார இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி, பஸ் செலவு, துணைக்கு ஒரு ஆள்.

இந்த இடத்தில்தான் நம் சங்கம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மில் ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறோம். தீக்காயத்தோடு வாழ்கிறவர்கள் யார் யார் என்று நம் ஊர்களில் கேட்டு அறிவோம். அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவிலோ ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவிலோ அவர்களைக் காட்டுவோம். இந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்கள் சொல்லட்டும். பொருந்துகிறவர்களுக்குப் போக்குவரத்துச் செலவை நாம் ஏற்போம். கருவியில் கோளாறு என்று எந்த மருத்துவமனை கூப்பிட்டாலும் வந்து பார்க்க நான் தயார்.

கண்ணாடியில் பார்க்கும் சுருக்கம் கொஞ்சம் காத்திருக்கலாம். மடங்காத விரல் காத்திருக்கக் கூடாது.