சோற்றைக் குறைக்கிறவர்கள் கவனத்திற்கு
(வளையமாதேவி கூட்டத்தில் பேசியது)

நெல் விளையும் ஊரில் வந்து நின்று சோற்றைக் குறையுங்கள் என்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாயிருக்கிறது. 2023 ஜூலையில் பரவனாற்று வாய்க்கால் வெட்டுவதற்காக இந்த ஊரில் பயிர் நின்ற வயலிலேயே இயந்திரங்கள் இறங்கின. அந்தத் துக்கத்தை நாங்கள் அறிவோம். ஆனாலும் வார்டில் படுக்கைக்குப் படுக்கை எங்களிடம் கேட்கிறார்கள்: "ஐயா, சோற்றை விட்டால் கொலஸ்டிரால் இறங்குமா? ஈரல் தேறுமா?"

நாங்கள் போதகர்கள், டாக்டர்கள் எங்களுக்கு விளக்கியதையே சொல்லுகிறோம். தேவைக்கு மிஞ்சி உண்ட சோறும் இட்லியும் சர்க்கரையும் ஈரலில் கொழுப்பாக மாறுகின்றன. ஒரு பங்கு அங்கேயே தங்கும். ஒரு பங்கு டிரைகிளிசரைடாக இரத்தத்தில் ஓடும். சாராயத்தைத் தொட்டே அறியாத தாய்மாருக்கும் ஈரலில் கொழுப்பு படிகிறதே, அதற்கு இது ஒரு காரணம். மாவுச்சத்தைக் குறைத்தால் பெரும்பாலோருக்கு டிரைகிளிசரைடு இறங்கும். நல்ல கொழுப்பு சற்று ஏறும். ஈரல் கொழுப்பு சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். உடல் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைந்தால் ஈரலின் அழற்சியும் தணியும். இதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் பேலியோ என்ற உணவுமுறை தமிழ்நாட்டில் பரவியபின் சிலர் சோற்றை அடியோடு தள்ளிவிட்டு, வெண்ணெய், நெய், கொழுப்புக் கறி என்று இறங்கிவிடுகிறார்கள். இவர்களில் சிலருக்கு எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு மளமளவென்று ஏறிவிடுகிறது. எல்லாருக்கும் அல்ல. யாருக்கு ஏறும் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். எடை குறைந்த மகிழ்ச்சியில் கொலஸ்டிரால் மாத்திரையையும் தாங்களாகவே நிறுத்துகிறவர்களைக் குறித்தே எங்களுக்கு அதிகப் பயம். இன்சுலினோ கிளிபென்கிளமைடு மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேளாமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். கர்ப்பிணிகளும், காசநோயால் மெலிந்தவர்களும் இந்தப் பேச்சைக் கேட்டு ஒரு பிடி சோறும் குறைக்க வேண்டாம்.

அடியோடு விடத் தேவையுமில்லை. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் மருத்துவர்கள் 18,090 பேரின் உணவை ஆராய்ந்து 2022-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். நாம் உண்ணும் கலோரியில் மாவுச்சத்தை ஏறக்குறையப் பாதியளவுக்கு இறக்கி, புரதத்தை ஐந்தில் ஒரு பங்காக உயர்த்தினாலே நீரிழிவு மட்டுப்பட வழியுண்டு என்றார்கள்.

ரேஷனில் விலையில்லாமல் கிடைப்பது அரிசி. பாதாம்பருப்பு விலையில்லாமல் கிடைப்பதில்லை! கூலி வேலை செய்கிறவரிடம் தினம் நூறு பாதாம் சாப்பிடு என்பது நியாயமா? நமக்கு விருத்தாசலம் பக்கத்து வேர்க்கடலை இருக்கிறது. கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை, மோர், முருங்கைக்கீரை இருக்கின்றன. தட்டில் இரண்டு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் இவற்றை வையுங்கள். டீயில் சர்க்கரையை அதற்கும் முன்பே குறையுங்கள்.

தானியேல் மரக்கறி உணவுக்குப் பத்து நாள் தவணை கேட்டான். தவணை முடிந்ததும் பரிசோதனைக்கு நின்றான். நீங்கள் மூன்று மாதத் தவணை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை, கொலஸ்டிராலையும் ஈரலையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எல்.டி.எல். ஏறியிருந்தால் முதலில் நெய்யையும் கொழுப்புக் கறியையும் குறைக்கச் சொல்லுவார்கள். அதிலும் இறங்காவிட்டால் மாத்திரையைப் பற்றி டாக்டர் பேசுவார். பழைய சீட்டைத் தொலைக்காமல் கையோடு கொண்டுவாருங்கள்.