கொடி நாளுக்கு மறுநாள்

(யூபிலி விழாவையொட்டித் திண்டிவனத்தில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழுப்புரம் சந்திப்பில் இறங்கி, பெட்டி படுக்கையுடன் திண்டிவனம் பஸ்ஸுக்காக நிற்கும் பட்டாளத்துப் பிள்ளைகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாள் கொடி நாளாக நடந்துவருகிறது. அன்று உண்டியலில் காசு போட்டு, சின்னக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். நல்ல வழக்கந்தான். ஆனால் மறுநாள் அந்த வீரனின் வீட்டை யார் எட்டிப் பார்க்கிறோம்?

எட்டிப் பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் மோகினி கிரி அம்மையார். 1969 முதல் 1974 வரை குடியரசுத் தலைவராயிருந்த வி. வி. கிரி அவர்களின் மருமகள். 1971 டிசம்பர்ப் போர் இரண்டே வாரங்களில் முடிந்தது. நாடே வெற்றியைக் கொண்டாடியது. 3,000க்கும் மேற்பட்ட வீடுகளிலோ ஒப்பாரி. மாளிகைச் சுகத்தோடு இருந்துவிடக்கூடிய அவர், 1972இல் டெல்லியில் போர் விதவையர் சங்கத்தைத் தொடங்கினார். கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து அனுப்பிவிடுவது அவர் வழியன்று. அந்தப் பெண் தன் காலில் நிற்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். பின்னர் 1995 முதல் 1998 வரை தேசிய மகளிர் ஆணையத் தலைவியாயிருந்தார். பிருந்தாவனத்தில் ஆதரவற்ற கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்தார். 2007இல் பத்ம பூஷண் பெற்றார். 2023 டிசம்பர் 14ஆம் நாள், தம் 85ஆம் வயதில் காலமானார்.

பணத்தால் மட்டும் தீராத துயரம் இது. வீரப்பதக்கம் பெற்றவரின் மனைவிக்கு வரும் உதவித்தொகை, அவள் மறுமணம் செய்தால் நின்றுவிடும். கணவனின் சகோதரனை மணந்தால் மட்டுமே தொடரும். இந்த விதி நீங்கியது 2017 நவம்பரில்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

எனக்குத் தெரிந்த ஓர் இளம் கைம்பெண்ணுக்குக் குடும்ப ஓய்வூதியம் பல மாதம் தாமதமாயிற்று. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. படைப் பதிவேட்டில் இருந்தது வீட்டுப் பெயர். அதற்குள் உறவினர், "இவளுக்கென்ன, பென்ஷன் வரும்" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுப்பில் உலையில்லாதது அவளுக்குத்தான் தெரியும். கடைசியில் கைகொடுத்தது நம் கோயில் திருமணப் பதிவேட்டின் நகல்.

ஆகவே தாய்மார்களே, இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியம் செய்வோம். விடுமுறையில் வரும் பிள்ளைகளிடம், மனைவி மக்களின் பெயர் பதிவேட்டில் சரியாக உள்ளதா என்று கேட்போம். வீரரை இழந்த பெண் விழுப்புரத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்போது, நம்மில் ஒருத்தி துணைக்குப் போவோம். அவள் பூ வைத்தாலும், மறுமணம் செய்தாலும், நம் வாயிலிருந்து ஒரு சுடுசொல் வராமல் காப்போம்.

நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண்ணிடம் இருந்தது இரண்டே காசு. நம்மிடமும் இரண்டு உண்டு: ஒரு பஸ் கட்டணம், அரைநாள் பொழுது. அவற்றைக் கொடுப்போம்.