கோலை இழுக்கும் கை

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கும் பாடப்புத்தகங்கள் உண்டு. அவற்றில் இரண்டை இன்று அக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 1944-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்டிக் அண்ட் ரட்டர்’. எழுதியவர் வோல்ஃப்காங் லாங்கவீஷ. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, போர் விமானங்களை ஓட்டிச் சோதித்தவர். இன்னொன்று, அந்நாட்டு விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. வெளியிடும் ‘ஏர்ப்ளேன் ஃப்ளையிங் ஹேண்ட்புக்’. அரசாங்கப் புத்தகம். 2004, 2016, 2021 என்று திருத்தித் திருத்திப் பதிப்பிக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

லாங்கவீஷ பாடம் நடத்த மாட்டார், வாதாடுவார். விமானியின் கையிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கோலை இழுத்தால் விமானம் மேலே போகும் என்றுதான் புதிதாக வரும் எவரும் நினைப்பார். அந்த நினைப்பை உடைக்காமல் அவர் விடுவதில்லை. கோல் மாற்றுவது உயரத்தை அல்ல. இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை. ஓடும் பஸ்ஸில், கண்டக்டர் பார்க்காத நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி உள்ளங்கையைச் சற்றே நிமிர்த்தினால் கை மேலே எழும்பும். மேலும் மேலும் நிமிர்த்தினால் எழும்பாது. காற்று கையைப் பின்னால்தான் தள்ளும். இறக்கைக்கும் இதே கதிதான். கோணம் ஓர் அளவைத் தாண்டியதும் அது விமானத்தைத் தாங்குவதை விட்டுவிடுகிறது. ஸ்டால் என்பது இதைத்தான். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

மீள வழி ஒன்றுதான்: கோலை முன்னால் தள்ள வேண்டும். கீழே தரை நெருங்கி வருவது தெரிகிறது, அந்த நேரத்தில் மூக்கை இன்னும் தாழ்த்து என்றால் எந்த உடம்பு கேட்கும்? கை தானாகப் பின்னால் இழுக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே பழைய புத்தகத்தை இன்றும் படிக்கச் சொல்வேன்.

அரசாங்கப் புத்தகமும் கோணத்தைக் குறைக்கத்தான் சொன்னது. ஆனால் உரிமத் தேர்வில் வேறொன்றும் கேட்டார்கள். கோணத்தைக் குறைப்பது, இன்ஜினுக்கு முழுச் சக்தி கொடுப்பது, இறக்கையை நேராக்குவது எல்லாம் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். உயரமும் அதிகம் இழக்கக் கூடாது. உயரத்தை விடாதே என்று ஒரு மாணவனிடம் சொல்லிவிட்டு, மூக்கைத் தாழ்த்து என்றும் சொன்னால் அவன் எதைக் கேட்பான்?

2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் 3407 விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. வேகம் குறைந்துபோய் கோல் தானாக நடுங்கி எச்சரித்தது. தலைமை விமானி கோலை இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு பாடத்தின் வரிசையே மாறியது. 2016 பதிப்பில் மூக்கைத் தாழ்த்துவதுதான் முதலில். இன்ஜின் சக்தி அதற்கப்புறம். விமானம் நிலைதடுமாறினால் மீள்வதற்கென்று தனி அத்தியாயமே சேர்ந்தது. மெதுவாகப் பறக்கும் பயிற்சியும் மாறியது. முன்பெல்லாம் ஸ்டால் எச்சரிக்கை ஹாரன் அலற அலறப் பறந்து காட்டுவார்கள். இப்போது ஹாரன் ஒலிக்காத வேகத்தில் பறக்க வேண்டும். பழைய ஆசிரியர்கள் பலருக்கு இதில் வருத்தம். எனக்கோ துறை சொல்வதே சரியென்று படுகிறது: எச்சரிக்கை ஒலியோடு பறந்து பழகியவருக்கு அது எச்சரிக்கையாகவே கேட்காது.

ஸ்பின் விஷயத்தில் மட்டும் நான் பழைய ஆள். விமானம் சுழன்றுகொண்டே விழுவதையும் அதிலிருந்து மீள்வதையும் 1949 வரை தனிநபர் உரிமத்துக்கே கற்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பயிற்சி ஆசிரியராகப் போகிறவர்களுக்கு மட்டும்தான் கட்டாயம்.

பழைய புத்தகத்தில் காலாவதியானவையும் உண்டு. அன்றைய விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு வாலில்தான் சிறு சக்கரம். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட இறக்குவது அன்று அடிப்படைப் பாடம். புதிய நூலில் வால் சக்கர விமானத்துக்குத் தனி அத்தியாயம் ஒன்றோடு சரி. சுக்கானை இயக்கும் கால் பெடல்கள் சீக்கிரமே வழக்கொழியும் என்றும் லாங்கவீஷ எதிர்பார்த்தார். அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியமில்லை. சுக்கான் பெடலே இல்லாத எர்கூப் என்ற சிறுவிமானம் அப்போது பறந்துகொண்டிருந்தது. இன்று செஸ்னா விமானத்தில் ஏறும் மாணவரின் காலடியில் அந்தப் பெடல்கள் இருக்கின்றன. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். வலது பெடலை மிதி, இன்னும் மிதி என்று பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார்.