கிள்ளானுக்கு வந்த கனடாக்காரர்

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் ரோட்டரி கிளப் நடத்தும் ரத்ததான முகாமைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிளப் இங்கே எப்படி வந்தது?

1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு தொடங்கியது ரோட்டரி. அதை இங்கே கொண்டுவந்தவர் கனடாவின் கால்கரி நகரத்து ஜேம்ஸ் டேவிட்சன். 1928-இல் மனைவி லில்லியனோடும் மகளோடும் கப்பல் ஏறினார். சில மாதங்களில் முடிய வேண்டிய பயணம் இரண்டரை ஆண்டுக்கு மேல் நீண்டது. ஏதென்ஸ், கெய்ரோ, பம்பாய், மதராஸ், கொழும்பு என்று கிளப்புகளைத் தொடங்கிக்கொண்டே மலாயாவுக்கு வந்தார். கோலாலம்பூர், சிரம்பான், ஈப்போ, மலாக்கா, பினாங்கு, நம்ம கிள்ளான் எல்லாம் அவர் பட்டியலில் உண்டு.

அன்றைக்கு வெள்ளைக்காரர்களின் கிளப்புகள் பலவற்றில் ஆசியர்களுக்கு இடமில்லை. டேவிட்சனோ, உள்ளூர்க்காரர்களையும் சேர்த்தே தீரவேண்டும் என்றார். துரையும் சீன வியாபாரியும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே மேசையில் சாப்பிடுவது, 1930-இல் சாதாரண சங்கதியா? ஆனாலும் ஒன்று: உள்ளே வந்தவர்கள் வசதியும் ஆங்கிலமும் உள்ளவர்கள்தான். தோட்டத்துப் பால்மரத் தொழிலாளிக்கு அந்த மேசை எட்டாத தூரம்.

ஜப்பானியர் காலத்தில் கிளப்புகள் முடங்கின. போருக்குப் பிறகு மீண்டும் கூடின.

டேவிட்சனோடு இத்தனை தூரம் கூடவே வந்த மனைவி லில்லியனால் உறுப்பினராக முடியவில்லை. பெண்களைச் சேர்க்க ரோட்டரி தன் விதியைத் திருத்தியது 1989-இல்தான்.