கணக்கு வெளிச்சத்துக்கு வரட்டும்

(ஓலைத்தொடுவாயில் சம்மாட்டிமாரும் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் நாம் ஆற்றிய உரை)



கரைவலையை இரு பக்கமும் நின்று இழுக்கின்றீர்கள். ஒரு பக்கம் தளர்ந்தாலும் வலை கோணும், மீன் தப்பும். முதலாளி தொழிலாளி உறவும் இத்தகையதே. வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. தோளும் துணிவும் தொழிலாளருடையவை. ஒன்றின்றி மற்றொன்றாற் பயனில்லை.

ஆயினும் இருவர்க்குமிடையே ஐயம் புகுவதேன்? முற்பணம் வாங்கிய தொழிலாளர் சிலர் பருவத்தின் நடுவே வேறு வாடிக்குப் போய்விடுகின்றனர். மீன் என்ன விலைக்குப் போயிற்று, செலவெவ்வளவு என்பதைச் சம்மாட்டிமார் சிலர் வெளியிற் சொல்வதில்லை. இவர் போவதால் அவர் மறைக்கின்றார். அவர் மறைப்பதால் இவர் போகின்றார். சிலர் செய்யும் பிழை எல்லாரையும் சுடுகின்றது.

இம்மன்னார்க் கடலிலேயே நமக்கொரு பாடம் உண்டு. 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் பெரும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. சுழியோடிகள் தாம் எடுத்த சிப்பியை மூன்று சம குவியல்களாகப் பிரித்தனர். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்க்கு. பிரித்தவர்கள் சுழியோடிகள், எந்தக் குவியல் யாருக்கு என்று சொன்னவர் அரசாங்க உத்தியோகத்தர். உயிரைப் பணயம் வைத்தவர்க்கு மூன்றிலொன்று நீதியென நாம் கூறோம். ஆனால் பங்கீடு எல்லார் கண்முன்னும் நடந்தது. பிரிப்பவரே தெரிந்தெடுப்பவராகவும் இருக்கவில்லை.

இது கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. கட்டுக்கரைக்குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர், அறுவடைக் கூலியை நாளை நாளையென்று கடத்தினால், அடுத்த போகத்துக்கு யாரை அழைப்பார்? 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி இன்று ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கப்படுகின்றது. முதலாளி 12 சேர்த்துக் கட்ட வேண்டும். கழித்ததைக் கட்டாத முதலாளி பணத்தோடு நம்பிக்கையையும் கவர்கின்றார். சம்பளம் பெற்றுக்கொண்டு வேலையில் ஏய்க்கும் ஊழியரும் அதே குற்றத்தையே செய்கின்றார்.

பங்குக்கு உழைக்கும் கடற்றொழிலாளர்க்கோ மாதச் சம்பளமில்லை. அந்த நிதியின் காவல் அவர்களைப் பெரும்பாலும் எட்டுவதுமில்லை. அவர்களுக்குக் காவல் சம்மாட்டியின் வாக்கும் கணக்குக் கொப்பியுமே.

அப்படியாயின் முதலில் நம்பிக்கை காட்ட வேண்டியவர் யார்? கணக்கு எவர் கையில் இருக்கின்றதோ, அவரே. சம்மாட்டிமாரே! விற்ற அன்றே விலையையும் செலவையும் எல்லார் முன்னும் வாசியுங்கள். முற்பணத்தை இரு கொப்பிகளில் எழுதி, ஒன்றைத் தொழிலாளரிடம் கொடுங்கள். முற்பணம் உதவியாக இருக்கட்டும். ஆளைக் கட்டிவைக்கும் கயிறாக வேண்டாம். தொழிலாளத் தோழர்களே! சொன்ன சொல்லில் நில்லுங்கள். போவதாயின் கணக்கைத் தீர்த்து, முகத்துக்கு முன் சொல்லிவிட்டுப் போங்கள்.

1957இல் எழுதப்பட்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் 1958இல் முறிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. கொடுத்த வாக்கு பறிபோனால் எவ்வாறு வலிக்கும் என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த வலியை நம் வாடியில், நம் வயலில், நம் கந்தோரில் நம்மவர்க்கே நாம் கொடுக்கலாமா? கொழும்பிடம் நீதி கேட்கும் நாம், அந்த நீதியை இக்கரையில் முதலில் நடத்திக் காட்டுவோம்.