கருக்காத்த நாயகியும் கருவுற்றாள் உண்கலமும்

கும்பத்திலே நீரை நிறைத்து, அந்நீரில் இறைவனை எழுந்தருளச் செய்து, அதனைக் கோபுரக் கலசத்தின்மேல் சொரிவது குடமுழுக்கு. நிறைகுடத்தை இறைவனாகவே கண்டது தமிழர் மரபு. அத்தகைய திருநாளில், உயிரொன்றைத் தன்னுள் ஏந்தி நிற்கும் மற்றொரு நிறைகுடமாகிய தாயைப் பற்றியும், அவள் உண்ணும் உணவைப் பற்றியும் சிறிது சிந்தித்தல் விழாவுக்குப் புறம்பானதன்று. அம்பிகையைக் கருக்காத்த நாயகி எனப் போற்றும் நாட்டில் அது வழிபாட்டின் ஒரு கூறே ஆகும்.

தஞ்சை மாவட்டத்தில், பாபநாசத்திற்கு அண்மையில், வெட்டாற்றங்கரையில் விளங்குவது திருக்கருகாவூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். இறைவன் முல்லைவனநாதர், இறைவி கர்ப்பரட்சாம்பிகை. அத்தலத்து வரலாற்றை அறியாத பெண்மணிகள் சோழநாட்டில் இலர். எனினும் அதனை ஒருமுறை நின்று நிதானித்துக் கேட்டல் நன்று.

முல்லைவனத்தில் நித்துருவர் என்னும் முனிவர் தம் மனைவி வேதிகையுடன் வாழ்ந்து வந்தார். நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய அவ்விருவரும் அம்மையப்பரை வழிபட, வேதிகை கருவுற்றாள். ஒரு நாள் நித்துருவர் வெளியே சென்றிருந்த வேளையில் ஊர்த்துவபாதர் என்னும் முனிவர் வாயிலில் வந்து நின்று பிச்சை வேண்டினார். கருவின் பாரத்தாலும் வேலைக் களைப்பாலும் அயர்ந்து கிடந்த வேதிகையால் எழுந்து வந்து உபசரிக்க இயலவில்லை. அதனை அவமதிப்பு என்று கொண்ட முனிவர் சினந்து சபித்தார். நோய் பற்றியது, கரு கலையும் நிலை வந்தது. வேதிகை அம்பிகையைச் சரண் புகுந்தாள். அம்பிகை அக்கருவைத் தெய்வக்குடம் ஒன்றில் ஏற்றுக் காத்து, திங்கள் நிறைந்தபின் நைத்துருவன் என்னும் ஆண் மகவாக அவள் கையில் அளித்தாள். பிறந்த குழவிக்குப் பால் வேண்டுமே! அம்பிகையின் ஆணையால் காமதேனு வந்து பால் சுரந்தது. அதன் குளம்பு கீறிய இடத்தில் பால் பெருகிக் குளமாயிற்று. கோயிலின்முன் உள்ள தீர்த்தம் அதனால்தான் க்ஷீரகுண்டம் எனப் பெயர் பெற்றது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் சாபத்தையும் குடத்தையும் விரித்துரைத்து, மற்றவற்றைக் கடந்து சென்றுவிடுவர். கடந்து செல்லும் இடங்களிலேதான் பொருள் மிகுதியும் கிடக்கிறது. வேதிகை சோம்பியிருக்கவில்லை, களைத்திருந்தாள். வந்த முனிவர் தம் கையிலிருந்த வெறுங்கலத்தைக் கண்டாரேயன்றி, உள்ளே கிடந்தவளின் களைப்பைக் கண்டாரல்லர். பழைய தரும நூல்களோ இதில் ஐயத்திற்கு இடமே வைக்கவில்லை. புதுமணப் பெண், குழந்தை, நோயாளி, கருவுற்றவள் ஆகியோர்க்கு விருந்தினர்க்கும் முன்னரே, சற்றும் தயங்காமல் உணவிட வேண்டும் என்று மனு ஸ்மிருதி விதிக்கிறது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் அவ்வாறே கூறி, எஞ்சியதை இல்லத் தலைவனும் தலைவியும் உண்ணுக என்கிறது. விருந்தோம்பலை உயிரினும் மேலாகக் கொண்ட நாட்டில், விருந்தினனுக்கும் முந்திய இலை கருவுற்றவளுடையது! ஆயின் முனிவரின் சினம் விதிக்கே மாறானது அன்றோ? இன்னொன்றும் கருதத்தக்கது. அம்பிகையின் அருள் கருவைத் தாங்கியதோடு நின்றுவிடவில்லை. உண்ணுதற்குரிய பாலுக்கும் வழி செய்த பின்னரே முற்றுப்பெற்றது.

வேதிகையின் களைப்புக்கு இக்கால மருத்துவர் இட்டிருக்கும் பெயர் இரத்தசோகை. கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகுகிறது. கருவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் பெருகிய இரத்தத்திற்கும் சேர்த்து, அப்பத்துத் திங்களில் அவளுக்கு வேண்டும் இரும்புச்சத்து ஏறத்தாழ 1000 மில்லிகிராம். அதாவது ஒரு கிராம். சிறு ஆணி ஒன்றின் எடை! அந்தச் சிறு ஆணி இல்லாமையால் ஒரு குடும்பமே சரிந்ததுண்டு. இரத்தம் வற்றியவளுக்குக் குழந்தை குறைமாதத்திலோ எடை குன்றியோ பிறக்கும். பிரசவத்தின்போது ஏற்படும் இரத்தப்போக்கை, நல்ல உடல்நிலையுள்ள பெண் தாங்கிக்கொள்வாள். சோகையுற்றவளோ அதே அளவுப் போக்கில் உயிரையே இழக்கக்கூடும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கருவுற்றவளைச் சோகையுற்றவளாகக் கொள்வர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்திய நாட்டுக் கருவுற்ற மகளிருள் நூற்றுக்கு ஐம்பத்திருவர் இந்நிலையில் இருந்தனர். கருவுற்றவர் வாழும் இல்லங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரு வேதிகை களைத்துக் கிடக்கிறாள் என்பதே இதன் பொருள்.

இச்சோகைக்கு இரும்புக் குறைவு ஒன்றே காரணமன்று. 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். அங்கே துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் ஒருவகைக் கொடிய சோகையால் மடிந்துகொண்டிருந்தனர். அவர்கள் என்ன உண்கின்றனர் என்று அவர் ஆராய்ந்தார். காய்கறியும் கீரையும் பாலும் அவ்வுணவில் மிக அரிதாயிருந்தன. பம்பாயிலும் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டியர் நிலையத்திலும் ஆய்வுகள் தொடர்ந்தன. கடைசியில் ஈஸ்டின் சாரமாகிய மார்மைட் என்னும் மலிவான பண்டம் அச்சோகையைப் போக்குவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அப்பண்டத்தில் மறைந்திருந்த சத்து இன்னதென்று அப்போது எவருக்கும் புலப்படவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1941இல், பசலைவகைக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று அதற்குப் பெயரிட்டனர். இலைச்சத்து என்று தமிழில் சொல்லிவிடலாம். முளைக்கீரைக் கட்டை மலிவுப் பொருள் என்று ஒதுக்குவோர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வார்களாக.

அச்சத்தின் தேவை கரு உண்டாகும் முன்னரே தொடங்கிவிடுகிறது. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்கள் தாம் கருவுற்றதை அறிவதற்குள் அந்நாட்கள் கழிந்துவிடுகின்றன. ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே உட்கொண்டால் அவ்வுறுப்புக் குறைகளுள் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பது 1991இல் ஐயமற நிறுவப்பட்டது. பிள்ளைவரம் வேண்டித் திருக்கோயிலுக்கு வரும் தம்பதியர் மருத்துவரையும் அப்போதே கண்டு அம்மாத்திரையைத் தொடங்குதல் வேண்டும். வேண்டுதலும் மருந்தும் ஒன்றோடொன்று மாறுபடுவன அல்ல.

தாயின் கலத்தில் குறைந்தது குழந்தையின் ஐம்பதாம் வயதில் வெளிப்படுதலும் உண்டு. மைசூரிலுள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களின் எடைக் குறிப்புகள் அழியாமல் பேணப்பட்டிருந்தன. அவர்களுள் ஐந்நூற்றுவருக்கு மேற்பட்டோரைத் தேடிப்பிடித்துச் சோதித்தவர்கள் 1996இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். எடை குன்றிப் பிறந்தவர்களிடம் பிற்காலத்தில் இதயநோய் மிகுந்திருந்தது. தாயும் மெலிந்தவளாயிருந்தால் அது இன்னும் மிகுதி. மகனின் மாரடைப்பிற்குத் தாயின் அரைவயிற்றுணவும் ஒரு காரணமாகலாம் என்று முன்பு எவரேனும் சொல்லியிருந்தால் நகைத்திருப்பர்.

இனி, இல்லங்களில் நடப்பதைப் பார்ப்போம். "ஈருயிர்க்காரி" என்று வாயார வாழ்த்துகிறார்கள். வளைகாப்பு நாளில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று வகைவகையாகக் கட்டுகிறார்கள். மறுநாளோ அவளே அனைவருக்கும் பரிமாறி, கடைசியில் அமர்ந்து, அடிச்சட்டியில் எஞ்சியதை வழித்துப் போட்டுக்கொள்கிறாள்! "அதிகம் உண்டால் குழந்தை பருத்துவிடும், பேறு கடினமாகும்" என்று அஞ்சி, கடைசித் திங்கள்களில் உணவைக் குறைப்பவர்களும் உளர். பேற்றை எளிதாக்குவது பட்டினியன்று, வலிவே ஆகும். குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று குங்குமப்பூ வாங்கிக் கொடுப்பதோ செல்வர் வீட்டு வழக்கம். நிறம் பெற்றோர் வழி வருவது; பூவால் வருவதன்று. அவ்விலைக்குப் பல நாள் பாலும் பயறும் வாங்கலாம்.

இருவருக்காக உண்ண வேண்டும் என்றால் இருமடங்கு உண்ணுதல் என்று பொருளன்று. கருவுற்ற காலத்தில் நாள் ஒன்றுக்கு 350 கலோரி மிகுதியாக வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. இரண்டு இட்டிலி, ஒரு கரண்டிச் சுண்டல், ஒரு குவளைப் பால் இவற்றில் அது அடங்கிவிடும். பால் கொடுக்கும் முதல் ஆறு திங்களில் 600 கலோரி. குழந்தை பிறந்தபின் தாய்க்குப் பத்தியம் என்ற பெயரால் வற்றல் குழம்பும் சோறுமாகக் காலம் தள்ளுவோர் இவ்வெண்ணைக் கவனிப்பது நலம்.

நவராத்திரியில் ஒன்பது நாளும் நிவேதிக்கப்பெறும் சுண்டல், ஏழைக்கும் எட்டக்கூடிய மிக உயர்ந்த உணவுகளுள் ஒன்று. கொண்டைக்கடலையிலும் பயறுகளிலும் உடலை வளர்க்கும் புரதமும் இலைச்சத்தும் ஒருங்கே உள்ளன. முருங்கைக் கீரையும் முளைக்கீரையும் இரும்புச்சத்துக்குரியனவே. ஆயினும் கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதனுடன் நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் ஏற்கும். உணவுக்கு மேல் உடனே காப்பியோ தேநீரோ அருந்தினால் உள்ளதும் வீணாகும். ஒரு மணி நேரமேனும் கழியட்டும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. புலால் மறுத்த குடும்பங்களில் பால், தயிர், மோர் இவற்றைக் குறைக்கவே கூடாது. பி 12 என்னும் உயிர்ச்சத்து கீரையிலும் பருப்பிலும் இல்லை. காமதேனு வந்து பால் சுரந்ததன் அருமை இங்கே விளங்கும். வெல்லத்தில் இரும்பு உண்டு என்று எண்ணிச் சர்க்கரைப் பொங்கலை வயிறார உண்ணுதல் தகாது. கருவுற்ற காலத்தில் நீரிழிவு தோன்றுதல் தமிழ்நாட்டில் அரிதன்று. பிரசாதம் கையளவே போதும். மருத்துவர் தடுத்திராவிடில், பிராகாரத்தை மெல்ல வலம்வருதல் உடலுக்கும் நல்லது.

உணவு எவ்வளவு நன்றாயினும், அந்தச் சிறு ஆணியின் எடையை உணவால் மட்டும் நிரப்புதல் பெரும்பாலோர்க்கு அரிது. ஆதலால் நான்காம் திங்கள் முதல் நாள்தோறும் ஒன்றாக, 180 நாட்களுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அரசினரால் விலையின்றி அளிக்கப்படுகிறது. மலம் கறுக்கும், சிலர்க்கு வயிறு புரட்டும். அதற்கஞ்சி மாத்திரையைப் புடைவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து குப்பையில் எறிவதுதான் எங்கும் காணும் துயரம். இரவு உணவுக்குப் பின் உண்டால் தொல்லை பெரிதும் குறையும்.

விரதம் பற்றியும் ஒரு சொல். பிள்ளை நலமாகப் பிறக்க வேண்டும் என்று, வயிற்றில் பிள்ளையோடு சஷ்டியும் ஏகாதசியும் உபவாசமிருக்கும் பெண்கள் பலர். அவர்தம் பக்தி பெரிது. எனினும் குழந்தை, முதியோர், நோயாளர், கருவுற்றோர் ஆகியோர்க்கு உபவாசத்தில் விலக்கு அளித்தது இதே மரபுதான். அம்பிகை காத்துத் தரும் கருவை அவள்பெயரால் பட்டினி போடலாமா? திருக்கருகாவூரில் பேறுகாலத்திற்கென அளிக்கும் விளக்கெண்ணெய்ப் பிரசாதமும் வயிற்றின்மேல் தடவுதற்குரியதே, உட்கொள்ளுதற்கன்று. முறையறியாமல் அருந்துவோர் உண்டு என்பதால் இதனையும் சொல்ல வேண்டியதாயிற்று.

திருப்பணிக்குப் பொருள் வழங்கிய செல்வர்கள் பலர் இங்கே கூடியிருக்கிறார்கள். கோபுரம் உயர்ந்துவிட்டது, இனி நாடோறும் நடைபெற வேண்டியது அன்னதானம். தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் 2002ஆம் ஆண்டு அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், பல இடங்களில் உச்சிக்காலப் பூசைக்குப்பின் பந்தி நடைபெறுகிறது. சோறும் சாம்பாரும் மோரும் உள்ள அவ்விலையில் ஒரு கரண்டிக் கீரையும் ஒரு பிடிச் சுண்டலும் ஓரத்தில் ஒரு நெல்லிக்காய்த் துண்டும் சேர்ப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. கருவுற்ற மகளிர்க்கு அரசு 2018 முதல் வழங்கும் 18,000 ரூபாய் உதவியையும், அதனுள் அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பெறலாம் என்று பந்தி மண்டபத்தில் ஒரு பலகை எழுதி மாட்டலாம். எல்லாவற்றிலும் எளிதானது ஒன்று உண்டு. உச்சிக்கால மணி அடித்ததும், ஊர்ப்பெரியவர்களும் உபயதாரர்களும் வெளித் திண்ணையில் சற்றே காத்திருக்க, முதற்பந்தியில் கருவுற்ற பெண்களை அமரச் செய்து, நெய் விட்டு, அவர்கள் போதும் என்று கை மறிக்கும்வரை பரிமாறுதல்.