ஒரே லயம், ஒரே கூரை

(தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிகளும் கலந்துகொண்ட வீடமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் அரைப் பேரைப் பற்றியும் இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நாம் படுத்து எழும்புகிற காம்பராவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

தை, மாசி மாதங்களில் நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் விடியும்போது புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்த இரவுகளில் பிள்ளை இருமிக்கொண்டே இருக்கிறது. பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதே காம்பராவில் மறுநாள் உச்சி வெயிலில் நிற்க முடியவில்லை. தூக்கம் கெட்ட உடம்போடு நாம் பெரட்டுக்குப் போகிறோம், மலை ஏறுகிறோம், கொழுந்து குறைந்தால் பேச்சும் வாங்குகிறோம். ஆகவே இதை வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. இது தொழிலாளர் பிரச்சினை.

ஒரே லயத்தில் ஒரு காம்பரா நடுங்குகிறது, ஒரு காம்பரா வேகிறது. ஏன்?

முதலாவது, கூரை. தகரம் வெயிலில் சட்டென்று சூடேறும், இரவில் சட்டென்று ஆறும். மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்து போகிறது. நாம் விடும் மூச்சின் ஈரம் அதில் பட்டுத் துளியாகிறது. மழையே இல்லாத விடியற்காலையில் கம்பளியில் சொட்டினால் அது ஓட்டை அல்ல, தகரத்தின் வியர்வை. அதற்குத் தார் பூசிப் பயனில்லை. சீலிங் வேண்டும். மழை பெய்யும்போது மட்டும் சொட்டினால்தான் ஓட்டை. எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்திடம் கேட்கும்போது இது உதவும்.

இரண்டாவது, தொங்கல் காம்பரா. நடுக் காம்பராவுக்கு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சூடு உண்டு. லயத்தின் கடைசியில் இருக்கும் காம்பராவுக்கு ஒரு பக்கச் சுவர் முழுவதும் காற்றுக்கும் மழைக்கும் காட்டிக் கிடக்கிறது. அங்கே இருப்பவர் "எங்கள் வீடு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்பது பொய்க் குறை அல்ல. முதுகுக்கு முதுகு கட்டிய இரட்டை லயத்திலோ நிலைமை வேறு. அங்கே பின்பக்கம் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. காற்று உள்ளே வந்து வெளியே போக வழியில்லாமல் வெக்கையும் புகையும் ஈரமும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

மூன்றாவது, ஈரம். மலையை வெட்டிக் கட்டிய லயத்தில் பின்சுவர் மண் திட்டை ஒட்டியே நிற்கும். பின்னாலுள்ள கான் அடைபட்டால் தண்ணீர் சுவரில் ஏறும். ஈரச் சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். படுக்கையை அதோடு ஒட்டிப் போட்டால் இரவு முழுவதும் நம் உடம்புச் சூட்டைச் சுவர் வாங்கிக்கொள்ளும்.

இனி நாமே செய்யக்கூடியவை. செலவு குறைந்தவற்றை முதலில் சொல்கிறோம்.

ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவடி, ஜன்னல் ஓரம், சுவரும் கூரையும் சேரும் இடம் என்று பிடித்துப் பாருங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று புகுகிறது. கதவடியில் பழைய படங்கைச் சுருட்டி வையுங்கள். கீழே உள்ள வெடிப்பை அடையுங்கள். ஆனால் மேலே உள்ள புகை போகும் வழியை ஒருபோதும் அடைக்காதீர்கள். கீழ்க்காற்று குளிரைக் கொண்டுவரும். மேல்வழி புகையையும் ஈரத்தையும் வெளியேற்றும். இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

வெயில் உள்ள நாளில் கதவு ஜன்னலைத் திறந்து காம்பராவைக் காயவிடுங்கள். வெயில் சாய்வதற்கு முன்பே மூடிவிடுங்கள். நனைந்த துணியைப் படுக்கும் அறையில் காயப்போடாதீர்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குசினியை ஒட்டிய நடுச்சுவர் பக்கம் பிள்ளைக்கும் முதியவருக்கும் இடம் கொடுங்கள். கட்டில் இல்லாவிட்டால் சீமெந்துத் தரையில் வெறும் பாயைப் போடாமல், அடியில் பலகையோ காய்ந்த சாக்கோ விரியுங்கள். கானை மாதம் ஒரு முறை லயத்தார் எல்லோரும் சேர்ந்து வெட்டிவிடுங்கள்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் சீலிங் அடியுங்கள். சூட்டையும் குளிரையும் தடுப்பது பலகை மட்டுமல்ல, பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் நிற்கும் காற்றும்தான். ஆகவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மின்சார வயரை நசுக்க வேண்டாம். உரச்சாக்கை விரித்துக் கட்டுகிறவர்கள் அடுப்புக்கு மேலும் புகைக்கூட்டின் அருகிலும் கட்டவே கூடாது, ஒரு பொறி போதும். பழைய அஸ்பெஸ்டஸ் சீட் உள்ள கூரையை நாமே அறுக்கவோ துளையிடவோ சுரண்டவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஒரே மருந்து எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தாது. ஆயிரம் மீற்றர் மேலே ஏறினால் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா நகரம் சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் குளிரைத் தடுப்பதே முதல் வேலை. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் வெக்கைதான் எதிரி. அங்கே தகரத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தால் வெயிலின் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும்.

இப்போது சொல்வதைத் தாய்மார் கட்டாயம் கேட்க வேண்டும். குளிருக்காகக் கரிச்சட்டியை மூடிய காம்பராவுக்குள் வைத்துத் தூங்காதீர்கள். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். புகை வரவில்லையே என்று நம்ப வேண்டாம். தணல் மினுங்கினாலே ஆபத்து. நெருப்புக் காய்ந்தவர்களுக்குத் தலைவலி, மயக்கம், வாந்தி என்று வந்தால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூங்கும்போது இன்னொரு கம்பளி, சுடுதண்ணீர்ப் போத்தல், தலைக்கும் காலுக்கும் துணி. இவை போதும்.

தோழர்களே, இவ்வளவும் நாம் செய்தாலும் கூரை கூரைதான். லயம் தோட்டத்தின் சொத்து. நம் உழைப்பை வாங்குகிற நிர்வாகமே அதன் கூரையையும் சுவரையும் கானையும் பார்க்க வேண்டும். "சீலிங் அடித்துக்கொண்டீர்களே, பிறகென்ன" என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். நாம் செய்வது பிள்ளையைக் காப்பாற்ற. அது நிர்வாகத்தின் கடமையைக் கழிப்பதற்கு அல்ல.

கேட்பதைச் சேர்ந்து கேட்போம். ஒரு வீடு தனியாக ஒரு தகரம் வாங்கிப் போட்டால் தண்ணீர் அடுத்த வீட்டில் இறங்கும். ஒருவர் தன் வாசலில் மட்டும் கானை வெட்டினால் அது அடுத்த வாசலில் தேங்கும். ஆகவே லயத்துக்கு ஒரு கடிதம். காம்பரா இலக்கம், எது ஓட்டை, எது வியர்வை, எந்தச் சுவர் ஈரம், வீட்டில் எத்தனை பிள்ளைகள், எத்தனை முதியவர் என்று எழுதுங்கள். எல்லோரும் ஒப்பமிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியோடு அலுவலகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

இன்னொன்றை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். பத்துத் தகரம் வந்தால் முதல் தகரம் தலைவர் வீட்டுக்கு என்ற பேச்சு நம் காதிலும் விழுந்திருக்கிறது. அது நம் சங்கத்துக்கு வெட்கம். வரிசை இப்படி இருக்கட்டும்: கைப்பிள்ளையும் நோயாளியும் உள்ள வீடு முதலில், தொங்கல் காம்பரா அடுத்து, அதன் பிறகுதான் மற்றவர்கள். தலைவர் வீடு கடைசியில் இருந்தாலும் பரவாயில்லை. அப்படிச் செய்தால்தான் அடுத்த முறை கடிதத்தில் எல்லா ஒப்பமும் விழும்.

7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் உறுதிப் பத்திரமும் என்ற நம் கோரிக்கையை இதனால் கைவிடவில்லை. தனி வீடு வரும்வரை இந்த லயத்தில் ஒரு பிள்ளையும் குளிரில் வாடக் கூடாது. அடுத்த தை மாதத்துக்கு முன் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு கடிதம் போகட்டும். இந்த வாரமே ஊதுபத்தியோடு தொடங்குங்கள். தொங்கல் காம்பராவிலிருந்து தொடங்குங்கள்.